அண்ணன் துணை

பாசம் வந்தால் போதும், சின்னண்ணன் பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிடுவார். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருப்பவர். வாசல் கேட், மாட்டுத்தொட்டி, மகனின் பழைய சைக்கிள் எதுவும் தப்பியதில்லை. தன் அண்ணன் தனபாலின் பிடிலும் தப்பவில்லை.

தனபால் சேலம் அஸ்தம்பட்டியில் பாட்டு வாத்தியார். அவர் இறந்தபோது மகள் தனப்பிரியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். "இதப் பாத்தா அழுகைதான் வருது தம்பி, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று அண்ணி பிடிலைக் கொடுத்துவிட்டார்.

சின்னண்ணனும் அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்தார். போன ஆயுத பூசைக்கு லாரிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது, அண்ணன் பொருள் மட்டும் மங்கிக் கிடக்கலாமா என்று தோன்றிவிட்டது. லாரிக்கு அடித்த அதே பச்சையைப் பிடிலுக்கும் இரண்டு கோட் அடிக்கச் சொன்னார். மேல்பலகையில் இருந்த இரண்டு நீள ஓட்டைகளில் தூசி போகுமே என்று, பட்டி வைத்து அடைக்கச் சொன்னதும் அவர்தான். பின்பக்கம் மஞ்சளில் 'அண்ணன் துணை' என்று எழுதியாயிற்று. சந்தனப்பொட்டு வைத்தபோது சின்னண்ணனுக்குக் கண் கலங்கியது.

இந்த மாசியில் தனப்பிரியா போன் செய்தாள். பள்ளிபாளையத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். சாயங்காலம் பிடில் வகுப்புக்குப் போகிறாளாம்.

"அப்பா பிடிலை எடுத்துக்கட்டுங்களா சித்தப்பா? ஞாயித்துக்கெழமை வாரேனுங்க."

"உன்னுது தான சாமி, வா."

போனை வைத்துவிட்டு முதல்முறையாக வில்லை எடுத்து இழுத்துப் பார்த்தார். அடைத்த மூக்கால் பேசுவது போல ஒரு முனகல் வந்தது. பக்கத்து அறையில் அண்ணன் சாதகம் செய்வதைக் கேட்டே வளர்ந்த காதை ஏமாற்ற முடியவில்லை. நாதம் வெளியே வரும் வழியையே அடைத்துவிட்டோம் என்று புரிந்து, பட்டியை ஸ்க்ரூடிரைவரால் கிளறினார். ஓட்டையின் ஓரத்தில் மரம் பெயர்ந்தது. தின்னர் போட்டுத் துடைத்தார். பச்சையோடு பழைய பாலிஷும் சேர்ந்து வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

"புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு, பழச எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிறட்டுமா?" என்று மனைவி கண்ணாத்தாளிடம் கேட்டார்.

"பெயிண்ட் அடிக்கறப்பவே வேண்டாமுன்னு சொன்னனுங்க. இப்ப எலிய ஏனுங்க இழுக்கறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை அவரே எடுத்து வந்து தனப்பிரியாவின் மடியில் வைத்தார். "நாந்தான் கெடுத்துப்போட்டேன் சாமி."

அவள் மஞ்சள் எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்து வாசித்தாள். அதே முனகல்தான்.

"அப்பா வாசிச்சாப்பலயே இருக்குதுங்க சித்தப்பா."

சின்னண்ணனால் தலை நிமிர முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அண்ணன் மகளை, அண்ணனின் பிடிலை வைத்துக்கொண்டே பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று குமைந்தார்.

கிளம்பும்போது, "எடுத்துட்டுப் போ சாமி" என்றார்.

"இங்கயே இருக்கட்டுங்க. உங்க பூசைக்கு வேணுமில்லீங்களா?" அவளே அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில், எழுத்து தெரியும்படி சாத்தி வைத்தாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர், பார்க்கச் சகிக்காமல் எழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். சிதைந்த ஓட்டைகள் இரண்டும் முன்னால் வந்தன. மறுபடி திருப்பினார். எந்தப் பக்கம் வைத்தாலும் அவர் செய்ததுதான் தெரிந்தது.