இரண்டு பக்கமும் ஒரே பெயர்

பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேலைக்குத் தரம் பார்ப்பது என் வேலை. நெசவாளர் கொண்டுவந்து போடும் சேலையை மேசையில் விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்ப்பேன். இழை அறுந்த இடம் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருடம் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியதில் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. காய்கறிக்காரரின் தராசை நம்ப மாட்டேன். கல்யாணப் பத்திரிகை வந்தால், நம்மை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று யோசிப்பேன். "சாமியே நேர்ல வந்து நின்னாலும் நீங்க ஆதார் கேப்பீங்க" என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்டவன் லேப்ரடார் குட்டி வாங்கப் போனால் சும்மா போவானா? வாலாஜாபாத் பக்கம் நாய் வளர்த்து விற்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம் மூன்று முறை போனேன். தாயைக் காட்டச் சொன்னேன், தகப்பனைக் காட்டச் சொன்னேன், தடுப்பூசிச் சீட்டில் ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மனிதர் சலித்துப்போய், குட்டியின் வம்சாவளிச் சான்றிதழை எடுத்து நீட்டினார். மூன்று தலைமுறைப் பெயர்கள் கட்டம் கட்டமாக இருந்தன. தகப்பன் வழித் தாத்தாவும் தாய் வழித் தாத்தாவும் ஒரே நாய். இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர், ஒரே பதிவு எண்.

அதைப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒரே நிறச் சேலையில் பாவும் ஊடையும், அதாவது நீளவாட்டு நூலும் குறுக்கு நூலும், ஒரே தொட்டியில் சாயம் ஏறியவையாக இருந்தால் நடுவில் நிறம் மாறிப் பட்டை விழாது. எங்கள் மேசையில் அதுதான் முதல் தரம். நாய்க்கும் அதே கணக்கைப் போட்டேன். அந்தத் தாளை லேமினேஷன் செய்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன்.

நாய் நன்றாகத்தான் வளர்ந்தது. மூன்றாவது வயதில் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுப் பெட்டை நாயோடு சேர்த்துவிட்டோம். ஆண் நாய்க்காரருக்கு ஒரு குட்டி கொடுப்பது வழக்கம். எனக்கு வந்த பெண் குட்டியை ஏனாத்தூரில் இருக்கும் என் தங்கைக்குக் கொடுத்தேன். அவள் கணவர் தவறிய வருடம் அது. தனியாக இருந்தவளுக்கு அந்தக் குட்டிதான் பேச்சுத்துணை.

ஐந்தாவது வயதில் என் நாய்க்குத் தாடையின் அடியில் கட்டி வந்தது. கழுத்துப்பட்டை மாட்டும்போது மனைவிதான் கண்டுபிடித்தாள். தினமும் தடவிக் கொடுத்த என் விரலுக்கு அது தட்டுப்படவே இல்லை. புற்றுநோயாக இருக்கலாம் என்றார் உள்ளூர் டாக்டர். பில்லை ஏற்றப் பார்க்கிறார் என்று இன்னொரு டாக்டரிடம் போனேன். அவரும் அதையே சொன்னதும், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று பட்டது. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பெரிய மருத்துவமனையில் கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்று சொன்ன பிறகுதான் என் வாய் அடங்கியது.

இரண்டு வாரம் கழித்து, அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். ஒரு கையில் ஐஸ் பெட்டி, இன்னொரு கையில் ரசீதுப் புத்தகம். உற்சவம், அன்னதானம், கும்பாபிஷேகம் என்று ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பவர்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. நாய்ப் புற்றுநோய்க்கு வசூல் என்று அன்றுதான் முதலில் கேள்விப்பட்டேன்.

"ஜாதி நாய்ங்களுக்குப் பரம்பரையா வர்ற நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்றோம் சார். கொஞ்சம் ரத்தம் வேணும். வம்சாவளி பேப்பர் இருந்தா பாக்கணும். முடிஞ்சா நன்கொடையும் குடுங்க."

"அரசாங்கம் குடுக்காதாமா?"

"மாடு, கோழின்னா கிடைக்கும் சார். வீட்டு நாய்க்குன்னு கேட்டா சிரிக்கிறாங்க. நாய் வெச்சிருக்கிறவங்கதான் தர்றாங்க."

"நாய்த் தீவனம் விக்கிறவங்க?"

"ஒரு கம்பெனி வந்துச்சு. ரிசல்ட்டை மொதல்ல அவங்களுக்குக் காட்டிட்டுதான் வெளியிடணும்னாங்க. வேணாம்னுட்டோம்."

வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்கிறவர்களா? என் சந்தேகம் இன்னும் ஏறியது. அடையாள அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, கல்லூரியின் எண்ணை நானே தேடி எடுத்துப் போன் செய்தேன். எங்கள் பெண்தான் என்றார்கள். அவள் கோபமே படாமல் என் நாயின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவும் ஒரு தந்திரமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

வேறு குறை கிடைக்காமல் சான்றிதழை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "பாருமா, எவ்ளோ சுத்தமான வம்சம்!"

அவள் இரண்டு கட்டங்களில் இரண்டு விரலை வைத்தாள். "ரெண்டு பக்கமும் ஒரே தாத்தா சார்."

"அதான்மா தரம்."

"நெருங்கின ரத்தத்துலயே சேத்துக்கினே போனா, தாத்தாகிட்ட மறைஞ்சிருக்கிற கெடுதல் ரெண்டு பக்கமும் இறங்கி குட்டிகிட்ட ஒண்ணு சேந்துடலாம் சார். இதுக்கு வந்தது அதனாலதான்னு இப்ப சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சியே. இதோட குட்டிங்க எங்க இருக்குது?"

தங்கையின் நாயை வரும் வெள்ளிக்கிழமை அதே வாலாஜாபாத்காரரிடம் இணை சேர்க்கக் கொண்டுபோவதாக இருந்தது. ஏற்பாடு செய்தவனும் நான்தான். அவர் காட்டிய மூன்று ஆண் நாய்களில் நான் தேர்ந்தெடுத்தது அந்தத் தாத்தாவின் இன்னொரு பேரனை. தாளில் அதே பெயர் இருந்தது என்பதற்காகவே தேர்ந்தெடுத்தேன்.

ரத்தம் எடுக்க விட்டேன். என்னால் முடிந்த நன்கொடையைக் கொடுத்தேன். ரசீதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் தங்கைக்குப் போன் செய்தேன்.

"வெள்ளிக்கிழமை போக வேணாம்மா. அந்த நாய் சரியில்ல."

"நீதானேண்ணா மூணு நாயைப் பாத்து அதை எடுத்த? இப்ப இன்னா, வேற யாரு நாய்க்காவது பேசி வெச்சிட்டியா?"

"அதெல்லாம் இல்ல. பொறக்கிற குட்டிங்களுக்கு நோய் வரலாமாம்."

"யாரு சொன்னது?"

"ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு வந்துச்சு."

"ரசீது புக்கோடயா?" தங்கை சிரித்தாள். "நீயே ஏமாந்துட்டியாண்ணா?"

அவள் கேட்டது ஒவ்வொன்றும் நான் ஊரைக் கேட்கும் கேள்வி.

மறுநாள் காலை சான்றிதழை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஏனாத்தூர் போனேன். காபி கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஒரே பேரு இருந்தா நல்லதுன்னு நீதானே சொன்ன? சொந்தத்துல சேத்தா இன்னா ஆயிடும்? என்னை மாமனுக்கே கட்டிக் குடுக்கலியா?"

"நான் சொன்னது தப்புமா" என்றேன். பிறந்ததிலிருந்து அவளிடம் நான் சொல்லாத வார்த்தை அது. அவளோ, இதில் இன்னும் என்ன மறைக்கிறேன் என்பதுபோலப் பார்த்தாள்.

அவள் நாய் வந்து என் மடியில் தலையை வைத்தது. விரல்கள் தாமாகவே அதன் தாடைக்கு அடியில் போயின. வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. நிம்மதி வரவேண்டும், வரவில்லை. வீட்டில் ஏமாந்ததும் இதே விரல்கள்தானே? மறுபடி முதலிலிருந்து தடவினேன். அழுகை வந்துவிட்டது. மறைக்க முடியவில்லை.

தங்கை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை போகலண்ணா" என்றாள். "எங்க பாக்கணும்? என் கையை வெச்சிக் காட்டு."

அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.