பானட்டில் இருந்த அரிசி

அந்த மனுஷனுக்குத் தெருவில் இரண்டு பெயர். முகத்துக்கு நேராக 'சார்', முதுகுக்குப் பின்னால் 'போர்வை'. ஏன் என்று கேட்கவே வேண்டாம். வீட்டை ஒட்டின தகரக் கொட்டகையில் நின்ற பழைய காருக்கு அவர் மூன்று போர்வை போர்த்தியிருந்தார். முதலில் மெத்தென்ற பருத்தித் துணி, அதன் மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய். காய்ச்சலில் படுத்திருந்தால் அவருக்கே இத்தனை போர்வை கிடைத்திருக்காது.

பிழைப்புக்கு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். ஆறு லிஃப்ட், அதில் நாலு ஸ்ட்ரெச்சர் போகிறவை. ஒன்று நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். லீவு கேட்டால் மேலாளர் முகம் சுருங்கும். அந்த வேலையில்தான் கார் கிடைத்தது. ஏதோ ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் லிஃப்ட் குழியைப் பார்க்க இறங்கினவர், மூலையில் தூசிக்குள் கிடந்ததைப் பார்த்துவிட்டார். கட்டடக்காரர், "எடுத்துட்டுப் போங்க, இடம் காலியானா போதும்" என்றார். அவர் கல்யாணத்தைவிட வயதில் மூத்த வண்டி. ஏழு வருஷம் அதோடு மல்லுக்கட்டி, துருவைச் சுரண்டி, அடர் பச்சை பெயிண்ட் அடித்து, ஓட வைத்தார். அதைச் சொல்லும்போது மட்டும் ஆளே நிமிர்ந்து நிற்பார்.

ஓட வைத்த முதல் ஞாயிறு மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவளுக்கு ஒரே ஆசை, கடல் பார்க்கணும். ரொட்டி, அவித்த முட்டை, பிளாஸ்க் நிறைய டீ, எல்லாம் ஒரு பையில் மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றில் முடி பறக்க, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். பதினோரு கிலோமீட்டர். முன்னால் ஒரு ஜல்லி லாரி. 'டக்' என்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தால், பானட்டில் இடது விளக்குக்கு மேலே ஓர் அரிசி அளவுக்குப் பெயிண்ட் தெறித்து, தகரம் பல்லைக் காட்டியது. மனுஷனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கண்ணுக்கே தெரியாமல் போய்விட்ட லாரியைப் பார்த்து நடுரோட்டில் நின்று கத்தினார். அப்புறம் வந்த வழியே வண்டியைத் திருப்பினார். முட்டையை வீட்டில் வந்துதான் உரித்தார்கள். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அவளே போய் டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்டைத் தீக்குச்சி நுனியால் தொட்டு அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். சரியாகக் கலக்காத பெயிண்ட். நிறம் கொஞ்சம் வெளுத்து, பச்சைக்கு நடுவே ஒற்றை அரிசி ஒட்டினாற்போல நின்றது. அந்த வண்டியில் அவர் கை படாத வேலை அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் இருபத்து மூன்று வருஷம். ஞாயிறு காலை, தெரு பெருக்குகிறவர்கள் பெருக்கி முடித்த பிறகு, தபால் ஆபீஸ் முனை வரைக்கும் வண்டியில் ஒரு நடை. உடனே திரும்பிக் கொட்டகை, போர்வை. முதலில் சில வருஷம் அவள் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்தினாள். கேட்கவில்லை என்றால் ஆசை போய்விட்டது என்று இவர் எடுத்துக்கொண்டார். இந்த ஆண்பிள்ளைகளின் கணக்கே அப்படித்தான், என்ன செய்ய!

மகள் நர்ஸ். வேலை கிடைத்தது கடலோர ஊரில். மருமகன் பாதி வருஷம் கப்பலில். குழந்தை பிறந்ததும், மூன்று மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன மனைவி, இரண்டரை வருஷமாக அங்கேயே இருந்தாள். மகளுக்கு இரவு டூட்டி. குழந்தையை யார் பார்ப்பது? மாசம் ஒரு தடவை இவர் ஏழு மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு பகல் இருந்துவிட்டு வருவார்.

வீடு அவரை விழுங்கியது. காலையில் டீ போட இரண்டு டம்ளரை எடுப்பார், ஒன்றைத் திரும்ப வைப்பார். தினமும் இதே கதை. அவளுடைய தையல் மிஷின்மேல் பாதி தைத்த தலையணை உறை ஊசி குத்தினபடியே இருந்தது. அதை எடுத்து மடித்து வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அவள் இல்லாத வீட்டில் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவே இல்லை.

ஒருநாள் லிஃப்ட் மோட்டார் அறையில் இருக்கும்போது அவளே போன் பண்ணினாள்.

"என்னங்க, பாப்பாவ விளையாட்டுப் பள்ளியில சேத்தாச்சு. மகளுக்கும் இனிமே பகல் டூட்டிதான். நான் இங்க இருந்தே ஆகணும்னு இல்ல."

"அப்ப... அப்ப ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

"பஸ்ல வந்தா நான் வரமாட்டேன்."

"பின்ன?"

"கார எடுத்துட்டு வாங்க. முன் சீட்டுல உக்காந்து, அதுலயே கடலப் பாத்துட்டு, அப்படியே வீட்டுக்கு வரணும். இத்தன வருஷத்துல உங்ககிட்ட நான் எதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டிருக்கிறாள். இதையேதான்.

"வர்றேன். சத்தியமா வர்றேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார், அதில் பொய் இல்லை. ஆனால் பஸ் ஜன்னல் வழியாக மாசாமாசம் பார்த்த ரோடு கண்ணுக்குள் வந்துவிட்டது. ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று அறுபது கிலோமீட்டருக்கு ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை, காருக்குப் பிலிம் ஒட்டுகிற கடைக்கு வண்டியை மெதுவாக ஓட்டிப் போனார்.

பிலிம் ஒட்டுகிறவர் வண்டியைச் சுற்றி வந்தார். "சார், வண்டி அருமையா இருக்கு. கண்ணாடி மாதிரி பிலிம் இருக்கு, ஒட்டிட்டா கல்லு வந்து அடிச்சாலும் பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உங்க பெயிண்ட் பழசு. இந்த ஓரத்துல பாருங்க, தூக்கிட்டு நிக்குது. நாளைக்குப் பிலிம எடுத்தா பெயிண்டும் கூடவே வந்துடும். முன்பக்கம் புதுசா அடிச்சு, ஒன்றரை மாசம் நல்லா காய விட்டு, அப்புறம் கொண்டாங்க."

அன்று சாயங்காலமே மனைவிக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் விளக்கினார், பெயிண்ட் எப்படி மூச்சு விடும், அவசரப்பட்டுப் பிலிம் ஒட்டினால் எப்படிக் கொப்பளிக்கும் என்றெல்லாம். "ரெண்டே மாசம், பொறுத்துக்கோம்மா. இத்தன நாள் பொறுத்துட்டே."

"சரிங்க" என்றாள்.

சரி என்றால் சரி என்று இவர் நிம்மதியாகப் படுத்தார். அடப்பாவி மனுஷா!

பெயிண்ட் அடிப்பவர் வாரக்கணக்கில் இழுத்தார். நடுவில் மழை வேறு. ஈரத்தில் அடித்தால் மங்கிப்போகும் என்று நிறுத்தி நிறுத்தி அடித்தார். ஒருவழியாக அடித்து முடித்துக் காய விட்டதும், இவர் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தார். பெயிண்ட் காய்கிற நாளும் அவள் வருகிற நாளும் ஒன்றாகிப்போனதால், தினமும் கொட்டகையில் போய் நின்று அந்தப் பச்சையையே பார்த்தார். முன் சீட்டில் முனகிக்கொண்டிருந்த ஸ்பிரிங்கை மாற்றினார். அவள் பக்கத்துக் கண்ணாடி சுலபமாக இறங்கட்டும் என்று கைப்பிடிக்கு எண்ணெய் விட்டார். அவ்வளவு ஆசை. ராத்திரி போனில் அவள் சொல்வாள்: "பாப்பா பள்ளியில பிள்ளைங்கள பாத்துக்க ஆள் இல்லையாம். ரெண்டு நாள் வந்து உதவ முடியுமான்னு கேட்டாங்க, போயிருந்தேன்." இவர் சொல்வார்: "அப்படியா? இன்னிக்கு விரல் வெச்சுப் பாத்தேன், துளிகூட ஒட்டல."

மூன்று மாசம் ஆகிவிட்டது. பிலிம் ஒட்டின மறுநாள் விடியுமுன்னே, மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, மகள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல், திடீரென்று போய் நிற்கலாம் என்று கிளம்பினார். லாரியைக் கண்டால் ஒதுங்கி, ஜல்லியைக் கண்டால் ஊர்ந்து, மகள் வீட்டை அடையும்போது மத்தியானம் ஒரு மணி. அன்று மகளுக்கு விடுமுறை.

"அப்பா! காரா!" என்று ஓடிவந்தாள் மகள். உடனே முகம் வாடியது. "சொல்லிட்டு வந்திருக்கலாமேப்பா. அம்மா பள்ளியில இருக்காங்க. இப்ப வேலையிலயே சேத்துக்கிட்டாங்க. பிள்ளைங்க அம்மாவ விட மாட்டேங்குதுங்க."

"வேலையா? ரெண்டு நாள் உதவின்னுதானே சொன்னா?"

மகள் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். "அன்னிக்கு நீங்க ரெண்டு மாசம் ஆகும்னு போன் பண்ணினீங்கல்ல? அப்ப அம்மா பை கட்டி முடிச்சு, அத மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. ரொட்டிகூட வாங்கி வெச்சிருந்தாங்கப்பா."

பள்ளி இரண்டு தெரு தள்ளி. குழந்தைகள் தூங்குகிற நேரம் என்பதால் அவளுக்கு அரை மணி ஓய்வு. நீல ஏப்ரனோடு கேட்டுக்கு வந்தவள், இவரைப் பார்த்ததும் வாயில் கையை வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. "நெஜமாவே வந்துட்டீங்களா" என்றாள். காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இடது விளக்குப் பக்கம் வந்ததும் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, பானட்டின்மேல் விரலால் தடவித் தேடினாள்.

"எங்கங்க அது?"

"எது?"

"அந்த அரிசி. நான் வெச்ச பெயிண்ட்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பக்கம் முழுசும் தேய்த்து வழவழவென்று அடிக்கச் சொன்னவர் அவரேதான். ஒரு கணம்கூட அது அவர் நினைப்பில் வரவில்லை.

"புதுசா அடிச்சப்ப... போயிடுச்சு."

"ஓ" என்றாள் அவள். "பரவால்ல விடுங்க. நல்லா மினுங்குது."

முன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடி சுலபமாக இறங்கியது. "சீட்டு சத்தமே போடலையே!" என்று சிரித்தாள். கடலோர ரோட்டில் ஓட்டினார். ஒரு திருப்பத்தில் ஜல்லி சிதறிக் கிடந்தது. எதிரே வேன் ஒன்று வேகமாகக் கடந்தது. 'டக்.' அவள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை. கடலுக்கு எதிரே போய்த்தான் நிறுத்தினார். ஏழெட்டு நிமிஷம் இரண்டு பேரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அலையைப் பார்த்தார்கள்.

"வீட்டுக்கு வந்துடேன்" என்றார் அவர். "நீ இல்லாம முடியலம்மா."

அவள் அவர் கைமேல் கையை வைத்தாள். "பிள்ளைங்க பழகிடுச்சுங்க. வருஷக் கடைசி வரைக்கும் இருக்கறேன்னு வாக்கு குடுத்துட்டேன். அப்புறம் பாக்கலாம்." மணியைப் பார்த்தாள். "பிள்ளைங்க எழுந்திருச்சிருக்கும்ங்க, போகலாம்."

கேட்டில் இறங்கினவள் ஜன்னல் வழியாகக் குனிந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அடுத்த தடவ பஸ்லயே வாங்க. இவ்வளவு தூரம் கார எடுத்துட்டு எதுக்கு வீணா அலையணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அவர் மூன்று நாள் லீவில் மிச்சமிருந்ததை மகள் வீட்டில் கழித்துவிட்டுத் திரும்பினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி, பானட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் இருந்தபோது ஒரு கல் பட்டதே, அந்த 'டக்', அது எங்கே பட்டது என்று தேடினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினார். எதிர் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன சார், கல்லு பட்டுடுச்சா?" என்று பதறிப்போய் வந்தார்.

"பட்டுச்சு" என்றார் அவர். "ஆனா ஒரு அரிசி அளவுகூட இல்லயே."