கட்டிங் பிளேயரின் முன்பல்

வயரிங் வேலை பார்க்கிறவர்கள் மத்தியில் அவருக்குக் 'கட்டிங் பிளேயர்' என்று பெயர். ஆனால் வயர் வெட்டும் அந்தக் கருவி சட்டைப்பையில் புத்தம் புதுசாகத் தூங்கும். வயரின் தோலை உரிப்பதெல்லாம் முன்பல்தான். ஒரு கடி, ஒரு இழுப்பு, செம்புக் கம்பி பளிச்சென்று வெளியே வந்துவிடும். கூட வேலை செய்யும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, "வேணாம் மாமா, வேணாம்" என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறான். காதில் போட்டுக்கொண்டால்தானே! கடைசியில் மேல்வரிசை முன்பல் ஒன்று வேர்வரை விரிசல் விட்டு, பிடுங்கியே தீர வேண்டும் என்றாகிவிட்டது.

பல் போனதும் மனுஷன் ஆளே மாறிப்போனார். பேச்சில் யாரையும் விட்டுவைக்காதவர், போன இடத்திலெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். வீட்டிலும் சிரிப்பில்லை. மனைவிதான் பொறுக்கமாட்டாமல் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். எலும்புக்குள் திருகு வைத்து அதன்மேல் பல் கட்டலாம் என்றார் டாக்டரம்மா.

"ஆனா உங்களுக்கு அந்த இடத்துல எலும்பு ரொம்ப மெலிசு. திருகு எலும்போட ஒட்ட மாசக்கணக்காகும். அதுக்குள்ள ஆட்டம் கண்டு கழண்டுதுன்னா மறுபடி வைக்க இடமே இல்ல. பார்த்துக்கோங்க."

அவர் எங்கே பார்த்துக்கொண்டார்? பார்த்துக்கொண்டதெல்லாம் மனைவிதான். ஆபரேஷன் முடிந்து வந்த அன்று தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுக்கவைத்தாள். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்தில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். அவர் எழுந்து வாஷ்பேசின் பக்கம் நகர்ந்ததுதான் தாமதம், பாய்ந்து வந்தாள்.

"துப்பாதீங்க! ரத்தம் உறைஞ்சது பேந்துக்கும்னு அவங்க சொன்னாங்கல்ல?"

"எச்சிலை என்ன பண்ண, சட்டைப்பையில வச்சுக்கவா?"

"முழுங்குங்க. அதோட இந்தப் பேச்சையும் சேர்த்து முழுங்குங்க."

மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். கொப்பளிக்கக் கூடாது, வாயில் வைத்திருந்து தலையைச் சாய்த்துத் தானாக வழியவிட வேண்டும். சாப்பாடு, ஆறின கஞ்சியும் மசித்த உருளைக்கிழங்கும். மச்சான் ஆசையாகப் பழச்சாறு வாங்கி வந்தான். உறிஞ்சுகுழலைப் பார்த்ததும் அக்காள் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். "உறிஞ்சினாலும் புண்ணு திறந்துக்கும்டா." மாமா சிகரெட்டைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லக் கேட்ட மச்சான், தானும் விட்டுவிட்டான். கேட்டதற்கு, "எனக்கு இருமல்" என்றான். அவன் இருமி யாரும் பார்த்ததில்லை.

தையல் பிரித்த பிறகு லேசான வேலைக்குப் போகலாம், ஆனால் முன்பக்கம் எதுவும் படவே கூடாது என்றார் டாக்டரம்மா. முதல் வேலை ஒரு குடியிருப்பில், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஸ்விட்ச் பெட்டி. மெயினை அணைத்துவிட்டதால் உள்ளே கும்மிருட்டு. மச்சான் ஒரு கையில் டார்ச்சோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். இவர் பெட்டிக்குள் ஒரு கையைக் கொடுத்திருந்தார், மறுகையில் வயர். பழக்கம் யாரை விட்டது? கை தானாக வாய்க்குப் போயிற்று.

டார்ச் கீழே உருண்டது. ஏதோ ஒன்று வந்து வாயில் மோத, அதன்மேல் பல் இறங்கியது. அடுத்த நொடி நாக்கெல்லாம் ரத்தம்.

"போச்சுடா மச்சான்! திருகு போச்சு!"

மச்சான் அவரைப் பிடித்து வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்தவர், வீட்டில் ஒருத்தி தூக்கம் கெட்டுக் காப்பாற்றியதை ஒரு கடியில் கெடுத்துவிட்டேனே, எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பேன் என்று வழியெல்லாம் புலம்பினார்.

டாக்டரம்மா விளக்கை இழுத்து, பஞ்சால் துடைத்து, நிதானமாகப் பார்த்தார். "புண்ணு நல்லாத்தான் ஆறுது. திருகுல ஆட்டமில்ல. ஈறுல ஒரு கீறல்கூட இல்லையே. இது உங்க ரத்தம் இல்லைங்க."

"பின்ன யாரோடது?"

கேட்டவருக்கே சுருக்கென்றது. நாற்காலியிலிருந்து இறங்கி வெளியே வந்தார். பெஞ்சில் மச்சான் வலது கையைக் கைக்குட்டையால் சுற்றி மடியில் வைத்திருந்தான். துணி முழுக்கச் சிவந்திருந்தது. பிரித்துப் பார்த்தார். கட்டைவிரலில் ஆழமாக இரண்டு பல் தடம், நடுவில் ஒரு பல் அளவுக்கு வெறும் இடம். வயருக்கு முந்தி வாய்க்குள் விரலைக் கொடுத்திருக்கிறான்.

"இந்தக் கையோடயா வண்டி ஓட்டினே? ஏன்டா சொல்லல?"

"சொன்னா வண்டிய நிறுத்தச் சொல்வீங்க. உங்க வாயத்தானே மாமா முதல்ல பார்க்கணும்?"

கட்டிங் பிளேயருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கையை விடவே இல்லை.

"நீ நல்லா இருக்கணும்டா" என்றவர் உள்பக்கம் திரும்பிக் கத்தினார். "டாக்டரம்மா, என்ன விடுங்க! முதல்ல இவனப் பாருங்க!"