தார் பூசிய கூரை

அந்த வரிசை வீடுகளில் எது நடந்தாலும் தையல்காரியைக் கேட்டுத்தான் நடக்கும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள். போன மழையில் தகரக் கூரைகள் ஒழுகியபோது, தார் பூசினால் ஒரு சொட்டு இறங்காது என்று சொன்னவள் அவள்தான். சொன்னதோடு நிற்காமல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறித் தன் கூரைக்குப் பூசினாள். வரிசையே பின்னால் ஏறியது.

கடைசி வீட்டு முட்டைக்காரி மட்டும் மறுத்துவிட்டாள். தார் வாடை முட்டையில் ஏறிவிடுமாம். மழை முடியும்வரை அவள் வீட்டில் ஒழுகுகிற இடமெல்லாம் பாத்திரம். அக்கா வீட்டு முட்டையெல்லாம் நீச்சல் பழகிவிட்டது என்று தையல்காரி சொன்ன கேலி தெருக்குழாய்வரை போய்த் திரும்பியது. முட்டைக்காரி அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கோடை வந்தது.

தையல்காரியின் கணவர் ஏடிஎம் காவலாளி. இரவெல்லாம் ஏசியில் நடுங்கிவிட்டுக் காலையில் வந்து படுப்பார். மீனை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து நேரே சட்டியில் போடுகிற மாதிரி என்பார். சிரிப்பு போகவில்லை, தூக்கம்தான் போயிற்று. வெயில் ஏற ஏற, மின்விசிறி கூரைச் சூட்டை அள்ளி அவர் மேலேயே கொட்டியது. போர்த்திய ஈரத்துணி மொடமொடவென்று காய்ந்தது. பகலில் மூடாத கண் இரவில் நாற்காலியிலேயே சொருகியது. மேற்பார்வையாளர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொரு தடவை தூங்கினால் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே தூங்கலாம் என்றாராம்.

"வீட்டுல தூங்க முடிஞ்சா நான் ஏன் அங்க தூங்குறேன்?" என்றார் மனைவியிடம். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் முட்டை வாங்கப் போனாள். கடைக்குக் கடை முட்டை கெட்டுப்போகிற நேரம். முட்டைக்காரி வீட்டில் அட்டை அட்டையாக அடுக்கியிருந்தது.

"உன் முட்டை மட்டும் எப்படிக்கா கெடல?"

"நீச்சல் பழகின முட்டை இல்லையா."

தையல்காரி வாங்கிக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். வேர்த்தது. ஆனால் உச்சந்தலையில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துவது போல் இல்லை. வெளியே வந்து திரும்பிப் பார்த்தாள். வரிசை முழுக்கக் கறுப்பு. கடைசியில் தார் படாத தகரம் ஒன்று மட்டும் வெயிலைத் திருப்பி அடித்துக்கொண்டு பளபளத்தது.

வந்த வழியே உள்ளே போனாள். இரண்டொரு பகல் அவர் இங்கே படுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டாள்.

"உருண்டு படுக்க மாட்டாரே?" என்றாள் முட்டைக்காரி. பாயை அவளே விரித்தாள்.

அவர் முட்டைகளுக்கு நடுவே விறைப்பாகத் தூங்கிய பகல்களில், விளம்பரப் பலகை அடிக்கும் கடையில் எழுத்துப் பிழையால் ஒதுக்கிய ஃபிளெக்ஸ்களைத் தையல்காரி அள்ளி வந்தாள். முதுகுப் பக்கம் வெள்ளை. தடித்த ஊசி மாட்டி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள். ஊசிகள் ஒடிந்தன. பகலில் தைத்து, தார் இறுகியிருக்கும் விடியற்காலையில் விரிப்பது என்று திட்டம்.

விரிக்க ஆள் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "போன வருஷம் கறுப்பு, இந்த வருஷம் வெள்ளை. அடுத்த வருஷம் என்ன கலருன்னு இப்பவே சொல்லிடும்மா."

"கறுப்பு பூசச் சொன்னது நான்தான். தப்புதான். அந்த முனையைப் பிடிங்க."

அவர் பிடித்தார். ஒரு பல் மருத்துவமனையின் பெரிய சிரிப்பு கவிழ்ந்து தாரின் மேல் படுத்தது. காற்றில் பறக்காமல் இருக்க, தன் பழைய டயர்களை அவரே மேலே ஏற்றினார். அடுத்து தன் வீடுதான் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அடியில் மழைக்குத் தார் இருக்கிறது, மேலே வெயிலுக்கு வெள்ளை இருக்கிறது என்று தையல்காரி கீழே நின்றவர்களுக்கு விளக்கினாள். குரல் பழையபடி இருந்தது.

வெயில் குறையவில்லை. வீட்டுக்குள் மட்டும் ஒரு பிடி தணிந்தது. அந்த ஒரு பிடி போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மதியம் இயந்திரத்தை மிதிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தாள். ஒருமுறை நிறுத்தியபோது சத்தம் நிற்கவில்லை. கட்டிலில் கணவரின் குறட்டை.

வாசலில் முட்டைக்காரி இரண்டு அட்டைகளோடு நின்றாள். தன் வீட்டில் இடமில்லையாம்.

"இங்க வைக்கிறேன். கெட்டுப்போச்சுன்னா உன் தலையில உடைப்பேன்."

தையல்காரி உதட்டில் விரல் வைத்து, கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள்.