உப்புக் கிடங்கில் மூன்று கம்ப்யூட்டர்கள்

காலை ஆறு மணிக்குத் திருவான்மியூரில் புதுச்சேரி பஸ் ஏறினேன். மரக்காணம் சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர். மடியிலிருந்த பையை மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரை முறைத்தேன். ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய பவர் சப்ளையும் ரேமும், புதிதாக ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யும் அதில் இருந்தன. மற்றதெல்லாம் ஊரில் இருக்கிறது என்று ஸ்டெல்லா டீச்சர் சொல்லியிருந்தார்.

ஸ்டெல்லா என் மனைவியுடன் படித்தவர். உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு சர்ச் பக்கத்து ஹாலில் ப்ளஸ் டூ டியூஷன் எடுக்கிறார். அங்கே போனில் சிக்னல் கிடைத்தால் அதிசயம். பாட வீடியோக்களை சர்வராக ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி வைஃபை வைத்துவிட்டால், நெட் இல்லாமலே பிள்ளைகள் போனில் பார்க்கலாம். அதற்காக ஒரு கம்பெனி தான் கழித்துப்போட்ட மூன்று கம்ப்யூட்டர்களை ஆடி மாதமே கொடுத்துவிட்டது. அவற்றைப் பொருத்தித் தர நான் போனது தை கடைசியில். மார்ச்சில் பொதுத்தேர்வு.

எட்டரைக்கு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். இருபுறமும் கண்ணைக் கூசவைக்கும் உப்புப் பாத்திகள்.

"இப்பதான் தரை கெட்டியாவ பாத்தி மிதிச்சு முடிச்சிருக்காங்க சார். உப்பு வார இன்னும் நாளாவும்" என்றார் டிரைவர்.

ஊர்ச் சங்கத் தலைவர் வேலாயுதம், ஸ்டெல்லாவையும் என்னையும் நேராக உப்புக் கிடங்குக்கு அழைத்துப்போனார். மூட்டைகளின் மேல் தார்ப்பாய் மூடி மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒட்டின டேப்கூடப் பிரியவில்லை.

"ஏன் பிரிக்கவே இல்ல?"

"திறப்பு விழா வெக்கணும்ல சார். பெரிய இடத்துல ஒருத்தரைக் கூப்ட்டிருக்கோம், இன்னும் தேதி குடுக்கல. அவரு வர்றதுக்குள்ள பிரிச்சா மரியாதையா இருக்குமா?"

"அதுக்குன்னு உப்புக் கிடங்குலயா?"

"மழைக்கு ஒழுகாத கட்டடம் ஊர்ல இதான் சார்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உப்பில் இரும்பு தங்காது என்றுதானே இந்த ஊரில் மரப்பலகையால் உப்பு வாருகிறார்கள்? கிடங்குக் கதவின் கீல் துருப்பிடித்துத் தொங்குவதை இவர் தினமும் பார்க்கவில்லையா? மழைக்காலம் முழுக்க உப்பு ஈரத்தை இழுத்து இழுத்துப் பெட்டிக்குள் அனுப்பியிருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கும்பாபிஷேகத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்.

ஹாலுக்குக் கொண்டுவந்து திறந்தோம். முதல் இரண்டு மதர்போர்டிலும் பச்சைக் களிம்பு. திருகுகள் திரும்பாமல் உதிர்ந்தன. "நல்ல கம்ப்யூட்டர்னு சொன்னாங்களே" என்றார் ஸ்டெல்லா. வந்த அன்று நல்லதாகத்தான் இருந்திருக்கும் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவதில் கொஞ்சம் உயிர் இருந்தது. பழைய டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து போர்டைத் தேய்த்தேன். ரேமின் பற்களைப் பென்சில் ரப்பரால் அழித்து அழித்துப் பளபளப்பாக்கினார் ஸ்டெல்லா. மற்ற இரண்டிலும் இருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு ஃபேனும் மட்டும் தேறின. நான் கொண்டுபோன பவர் சப்ளையை மாட்டி, எஸ்.எஸ்.டி.யில் இலவச லினக்ஸை ஏற்றி, வீடியோக்களை அந்த ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஸ்டெல்லா வாங்கிவைத்திருந்த வைஃபை பெட்டியை இணைத்தேன். மதியம் மூன்று மணிக்கு அது ஓடத் தொடங்கியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே இதே வேலையைச் செய்திருக்கலாமே என்ற எரிச்சல்தான்.

நாலரைக்குப் பிள்ளைகள் வந்தார்கள். ஆளுக்கொரு போன், இல்லாதவர்கள் பக்கத்துப் போனில். இயற்பியல் பாடம் நிற்காமல் ஓடியது. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வேலாயுதம் உள்ளே வந்தார்.

"சூப்பர் சார்! டீச்சர், இப்ப ஆஃப் பண்ணி துணி போட்டு மூடிடுங்க. அவரு கையாலதான் ஆன் பண்ணணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா போய் ப்ளக்கை மறைத்து நின்றார்.

"அவரு தேதி குடுக்கல தலைவரே, பரீட்சைக்குக் குடுத்துட்டாங்க. அவரு வர்றன்னிக்கு நானே ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணித் தர்றேன். ஆன் பண்ணி போட்டோ எடுத்துக்கட்டும்."

பிள்ளைகள் யாரும் தலை நிமிரவில்லை. வேலாயுதம் ஆதரவு தேடி என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, ப்ளக் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.