ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் வெள்ளம்

வீட்டுப் பொருள் காப்பீட்டுக்கான விண்ணப்பத்தில் ஒன்பது பொருள்களை எழுதினேன். இரண்டு பவர் தையல் மிஷின், ஓர் ஓவர்லாக் மிஷின், துணி வெட்டும் மேசை, இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், கிரைண்டர், டிவி, கட்டில். விலை பார்த்துப் போட்ட வரிசை இல்லை. எது போனால் அம்மா மறுபடியும் அந்தக் கடைக்கு வேலைக்குப் போக வேண்டிவருமோ, அது மேலே. கட்டில் போனால் தரையில் படுத்துக்கொள்ளலாம்.

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எங்கள் வீடு ஆற்றுக்கு இரண்டு வயல் தள்ளி, சற்றுப் பள்ளத்தில் இருக்கிறது. வீட்டில் நானும் அம்மாவும்தான். மூன்று வருடம் முன்பு ஓர் ஆடி மாதக் காலையில், நான் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, ஆறு வயலைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. தைக்க வந்திருந்த பள்ளிச் சீருடைகளை அம்மா கட்டுக் கட்டாக மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டாள். மிஷின்களை ஒற்றை ஆளாக நகர்த்த முடியவில்லை. தண்ணீர் மறுநாள்தான் இறங்கியது. மோட்டார்களுக்குள் சேறு. சேதம் எழுத வந்த அரசாங்க ஆட்கள் சுவர்களைத் தட்டிப் பார்த்தார்கள், விரிசலை அளந்தார்கள். நான் மிஷின்களைக் காட்டினேன். அவர்களுடைய தாளில் வீட்டுக்கு இடம் இருந்தது, வீட்டுக்குள் இருப்பதற்கு இல்லை.

அதன்பிறகு இரண்டரை வருடம் அம்மா கஞ்சிக்கோட்டில் ஒரு தையற்கடையில் உட்கார்ந்தாள். கடைக்காரி அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆறு புகுந்த வீட்டுக்காரி என்பதால் 'ஆறு'தான். "ஏ ஆறு, அந்தக் கழுத்தைப் பிரிச்சுத் தை." "ஆறு எந்திரிச்சிருச்சு பாரு, மறுபடியும் கக்கூசுக்கா?" மற்றப் பெண்களும் அதையே பழகிக்கொண்டார்கள். சென்ற தை மாதம் சொந்த மிஷின்கள் மறுபடி வீட்டுக்கு வந்த அன்று அம்மா சொன்னது ஒன்றுதான்: "இனி அந்தப் படியில கால் வெக்க மாட்டேன்."

ஆகவே மழைக்கு முன்னால் காப்பீடு வாங்கிவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவள். கருவி காட்டுவதையும் உண்மையான அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பிழை எவ்வளவு என்று குறிப்பது என் வேலை. காப்பீட்டு நிறுவனங்களையும் அப்படியே அணுகினேன். முதல் இரண்டு நிறுவனங்களின் இணையதளங்கள் பின்கோடு போட்டதுமே முடித்துக்கொண்டன. ஒன்று மன்னிப்புக் கேட்டது. மற்றது அதுகூடச் செய்யாமல் முதல் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பியது. எங்கள் பின்கோடில் பாறைமேல் கட்டிய வீடும் உண்டு, வயலுக்குள் கட்டிய வீடும் உண்டு. அதைக் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

மூன்றாவது நிறுவனத்துக்கு ஒரு முகவர் இருந்தார், அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். வந்தார், காபி குடித்தார், சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, ஆறு வந்து போன ஊட்டுக்கு எவன் இன்சூரன்ஸ் குடுப்பான்? பேசாம ஆத்துக்கிட்டயே கேட்டு வாங்கிக்கோங்க."

அவரே சிரித்துக்கொண்டார். சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. அளவு வேண்டும் என்பதற்காக அதன்மேல் பெயின்ட் அடிக்க நான் விடவில்லை.

"அம்மிணி, மொதல்ல இந்தக் கோட்டை அழி. ஒரு கை டிஸ்டெம்பர் அடிச்சுரு. முன்னால தண்ணி வந்திருக்குதான்னு கேட்டா இல்லைன்னு போடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"நாளைக்கு ஆறு வந்தா விசாரிப்பாங்கல்லங்க மாமா? பொய் எழுதியிருக்குதுன்னு சொல்லி ஒண்ணும் தர மாட்டாங்க."

"வந்தாத்தானே?"

"வராதுன்னா எனக்கு எதுக்குங்க இன்சூரன்ஸ்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், "படிச்ச புள்ளைககிட்ட வாயைக் குடுக்கக் கூடாதுங்க அக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். படிவத்தை மட்டும் விட்டுப் போனார். நானே நிரப்பினேன்.

முன்பு வெள்ளம் வந்திருக்கிறதா: ஆம், ஒருமுறை. உயரம்: தரையிலிருந்து இரண்டு அடி ஏழு அங்குலம். தடுப்பு ஏற்பாடு: கூரையில் கொக்கி, அதில் சங்கிலிக் கப்பி, ஒரே ஆள் ஒரு மிஷினை நான்கு நிமிடத்தில் ஐந்தடி உயர்த்தலாம். இதை அம்மாவை வைத்தே மூன்றுமுறை செய்து நேரம் பார்த்திருந்தேன். வீட்டிலிருந்தே செய்யும் தொழில் என்ற கட்டத்தைக் குறித்தால் மிஷின்களும் சேரும் என்று விதிகளில் இருந்தது. குறித்தேன். எல்லாவற்றுக்கும் படம் இணைத்தேன். கடைசியில், விண்ணப்பதாரரிடம் தொலைபேசியில் பேச வேண்டிய மொழி எது என்று கேட்டிருந்தது. வீடும் மிஷின்களும் அம்மா பெயரில். அம்மா பேசுவது தமிழ். யோசிக்காமல் தமிழைக் குறித்தேன்.

பிழை அங்கேதான் இருந்தது. நான் செய்தது.

இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரரே தொலைபேசியில் கூறியபடி வீட்டுக்குள் தொடர்ந்து வெள்ளம் புகுவதால் காப்பீடு வழங்க இயலாது.

"யாராச்சும் போன் பண்ணினாங்களாம்மா?"

"ஒரு புள்ள பண்ணுச்சு. மருவாதியாத்தான் பேசுச்சு. கேட்டதுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன்."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு பாலக்காட்டுக் கிளை அலுவலகத்துக்குப் போனேன். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். அங்கே இருந்த அதிகாரி என் வயதுக்காரர், மலையாளி. கணினியில் ஒலிப்பதிவைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தார். சென்னையிலிருந்து பேசிய பெண்ணின் குரல் முதலில் வந்தது.

"உங்க வீட்டுக்கு வெள்ளம் வருமா மேடம்?"

"வருமுங்க. ஒருநாள் உட்டு ஒருநாள் வரும்."

"ஒருநாள் விட்டு ஒருநாளா? எவ்வளவு நேரம் இருக்கும் மேடம்?"

"காத்தால ரெண்டு மணி நேரம். கோடைக்குக் கொஞ்சம் கம்மிதானுங்க."

"வாசலோட நின்னுடுமா, வீட்டுக்குள்ளயும் வருமா?"

"முன்னால வாசலோட சரி. போன வருசத்துல இருந்து அடுக்களை வரைக்கும் வருதுங்க."

"அது உங்களுக்குச் சிரமமா இல்லையா மேடம்?"

"சிரமம் எதுக்குங்க? வராட்டித்தான் சிரமம்."

தமிழ்நாட்டில் வெள்ளம் என்றால் ஆறு கரை தாண்டுவது. மலையாளத்தில் அது வெறும் தண்ணீர். கரை தாண்டி வருவதற்கு அவர்கள் வெள்ளப்பொக்கம் என்று வேறு வார்த்தை வைத்திருக்கிறார்கள். எல்லையில் பிறந்த நாங்கள் தமிழ் பேசும்போதும் கடையில் குடிக்க வெள்ளம் கேட்போம், ஒரு டம்ளர் வரும். பெரிய தண்ணீர் வந்தால் 'ஆறு வந்துச்சு' என்போம். அம்மா அந்தப் பெண்ணிடம் பஞ்சாயத்துக் குழாயைப் பற்றி, ஒரு சொல் பிசகாமல், உண்மையைச் சொல்லியிருந்தாள். மலையாளத்தைக் குறித்திருந்தால் வெள்ளப்பொக்கம் உண்டா என்று கேட்டிருப்பார்கள், விஷயம் முடிந்திருக்கும்.

அதிகாரிக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "என்டெ சேச்சி, அவர் கேட்டது வெள்ளப்பொக்கம்! நீங்க பறஞ்சது பைப்பு வெள்ளம்!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு முதலிலிருந்து மறுபடி போட்டார். இரண்டாவது முறை நாலைந்து பேர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்கள். 'அடுக்களை வரைக்கும்' என்ற இடத்தில் யாரோ கை தட்டினார்கள். அம்மா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். 'வராட்டித்தான் சிரமம்' வந்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு வழியாக, ஒரே மூச்சு, அவ்வளவுதான்.

அம்மா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

சிரிப்பை நிறுத்திக்கொண்டு அதிகாரியிடம் பேசினேன். எழுத்தில் ஒருமுறை என்றுதான் கொடுத்திருக்கிறோம். அம்மா சொன்னதன் பொருள் உங்களுக்கே தெரிந்துவிட்டது. இந்தப் பதிவை, இந்த விண்ணப்பத்தோடு சம்பந்தம் இல்லாத நாலு பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள், அதையும் சேர்த்துப் புகார் எழுதப் போகிறேன். குரலை உயர்த்தவில்லை. நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டன.

"மேடம், நான் எந்து செய்யான்? சென்னையில ரெக்கார்டு ஆனது ஆனதுதான்."

"அப்ப இன்னொருக்கா ரெக்கார்டு பண்ணச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று அவர் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பவைத்த பிறகுதான் எழுந்தேன். அந்த ஒற்றை வரியை எழுத அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். எங்களுக்குத் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே அம்மா சொன்னாள்: "நீயுந்தான் சிரிச்சே."

அந்தக் கடையில் ஆறு என்று கூப்பிட்டவர்களும் இப்படித்தான், மூக்கு வழியாகச் சிரித்திருப்பார்கள்.

வீட்டில், மொழியை மலையாளம் என்று மாற்றிவிடலாம் என்றேன். முடியாது என்றாள். "அப்ப வெள்ளம்னு கேட்டா, ஆறு வந்துச்சான்னு கேக்கறாங்கன்னு அர்த்தம். நீ குழாயைப் பத்திப் பேச்சே எடுக்காத" என்று ஆரம்பித்தேன்.

"எம்பட வாய்க்கு நீ அளவு போடாத. நான் என்ன உன்ற கம்பெனி மீட்டரா?"

அதற்குப்பின் நாலு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் பேச்சு.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது. அம்மா மிஷினை நிறுத்தி, நான் சொல்லாமலே ஸ்பீக்கரில் போட்டாள். சென்னையிலிருந்து வேறொரு பெண். பெயர், முகவரி எல்லாம் சரிபார்த்துவிட்டுக் கேட்டாள்:

"உங்க வீட்டுக்கு வெள்ளம் வருமா மேடம்?"

"எந்த வெள்ளமுங்க?"

"புரியலை மேடம்."

"எனக்கும் போன தடவ புரியலை. அதான் கேக்கறேன். குழாய் வெள்ளமா, ஆத்து வெள்ளமா?"

அந்தப் பெண் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. "ஆத்து... ஆத்து வெள்ளம் மேடம்."

"அப்படி வெவரமாக் கேளுங்க. ஆறு ஒருக்கா வந்துச்சு. மூணு வருசமாச்சு. எம்பட மிஷினெல்லாம் போச்சு. அதுக்கு முன்னால வந்ததில்லை, அப்பறமும் வரலை. குழாய் வெள்ளம் நேத்து வந்துச்சு, நாளைக்குக் காத்தால வரும். அதையும் எழுதிக்கோங்க. அப்பறம் நான் சொல்லலைன்னு ஆயிரக் கூடாது."

"இல்ல மேடம், அது தேவையில்லை..."

"போன தடவ அதைத்தானே எழுதுனீங்க? இப்பவும் எழுதுங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இப்பச் சிரி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால்தான் அவளுக்குத் திருப்தியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பதினோராம் நாள் காலையில் பாலிசி வந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை. மூன்று மிஷின்களும் முதல் மூன்று வரியில் இருந்தன. எந்தெந்தச் சேதத்துக்கு ஈடு என்ற பட்டியலில் தீ, திருட்டு, அடுத்து வெள்ளம். அதற்கு நேராக 'உண்டு' என்று அச்சிட்டிருந்தது. நின்றபடியே உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா மிஷினை நிறுத்தாமல் கேட்டாள்.

"எந்த வெள்ளம்னு போட்டிருக்குதா?"

மறுபடி பார்த்தேன். "வெறும் வெள்ளம்னுதான் இருக்குது."

"அப்ப எழுதிக் கேளு. நாளைக்கு ஆறு வந்து நிக்கும்போது, நாங்க குழாயைச் சொன்னோம்பாங்க."

அப்படிச் சொல்ல முடியாது, வரையறை பின்பக்கம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அந்த அலுவலகத்தில் கேட்டுச் சிரிக்கத் திரும்பிய நாற்காலிகளை நினைத்துக்கொண்டேன். அன்று வெள்ளம் வரும் நாள். அடுக்களையில் குடம் நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. போய்க் குழாயை அடைத்துவிட்டு வந்து, கடிதம் எழுத உட்கார்ந்தேன்.