மச்சானுக்குப் போட்ட கடிதம்

கடலுக்கு நடுவில் கோடு போட்டுவிட்டார்களாம். கஸ்டம்ஸ் ஆபீஸ் பியூன் சொன்னதாக டீக்கடையில் யாரோ சொல்ல, ஐஸ் கடை வெள்ளத்துரை அதைப் பர்னபாஸிடம் கொண்டுவந்தார்.

"எதுல போட்டாவ அண்ணாச்சி, சுண்ணாம்புலயா?"

"சிரிக்காதலே. மேப்புல போட்டிருக்காவ. நம்ம நாடும் சிலோனும் பின்னால சண்டை போட்டுக்கிடக் கூடாதுன்னு. இனி அங்கயிருந்து வள்ளம் வந்தா நேவிக்காரன் புடிப்பானாம்."

பர்னபாஸுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. அந்தப் பதினோரு வருடமும் மன்னாரில் இருக்கும் அக்கா புருஷன் விக்டரோடு அவனுக்குப் பேச்சில்லை. கல்யாணப் பந்தியில் விக்டர், "மாப்பிள்ளையா வள்ளம் ஓட்டுறார்? காத்துதான் பாவம் பாத்து இழுத்துக்கொண்டு போகுது" என்றார். மாப்பிள்ளையே இலையை விட்டு எழுந்துவிட்டான்.

பிள்ளை பிறந்ததும் மனைவி மெட்டில்டா, "உங்க மச்சான்தான் ஞானத்தகப்பன்" என்று சொல்லிவிட்டாள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கிறவரோடு அப்புறம் பகை பாராட்ட முடியாது. அது தெரிந்துதான் சொன்னாள்.

போன மாதமே நாலு தாளைக் கிழித்துப் போட்டு ஐந்தாவதில் எழுதியிருந்தான்: "மச்சான், பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. எப்பவும் போல வள்ளத்திலேயே வாரும்." மன்னிப்பு என்று தனியாக எழுதவில்லை. எப்பவும் போல என்பதிலேயே அதுவும் இருப்பதாக நினைத்துக்கொண்டான்.

இன்று வெள்ளிக்கிழமை; நாளை கழித்து ஞானஸ்நானம். கிழக்கிலிருந்து கொண்டல் காற்று சீராக வீசுகிறது. பாய் விரித்து இக்கரை வர ஏற்ற இந்தக் காற்றை விக்டர் விடமாட்டார்.

வெள்ளத்துரை கடை போனில் பர்னபாஸ் மன்னாருக்கு டிரங்க் கால் போட்டான். விக்டர் வீட்டுக்கு எதிரே ஜவுளிக் கடையில் போன் உண்டு. சொன்னால் கூப்பிட்டு விடுவார்கள். மெட்டில்டா பிள்ளையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"நேவிக்காரன் புடிச்சிட்டாம்னா, நான் கூப்பிட்டு வச்சு மாட்டிவிட்டுட்டாம்னுதாம்ளா நினைப்பாரு."

"அதான், வராதேயும்னு சொல்லிருங்க."

"பதினோரு வருசம் கழிச்சுப் பேசுத மொத வார்த்தையே வராதேயும்னா?"

மெட்டில்டா பிள்ளையைத் தோள் மாற்றினாள். "மொதல்ல மச்சான்னு சொல்லுங்க. பொறவு அதைச் சொல்லுங்க."

"மன்னார் பேசுங்க" என்றாள் ஆபரேட்டர். அக்கரையில் மணி அடிக்கத் தொடங்கியது. பர்னபாஸ் தொண்டையைச் செருமி, "மச்சான்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். பரவாயில்லை, வருகிறது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே ஐஸை மூடியிருந்த சாக்குகளைக் கொண்டல் தூக்கித் தூக்கிப் போட்டது.